காவடி இல்லாமல் நடப்பவனின் விண்ணப்பம்

பெறுநர்: தலைநகர் கோலாலம்பூரில் சாலையையும் பூங்காவையும் வரைந்து தள்ளும் மேதகு அதிகாரிகள்

பொருள்: கார் இல்லாமல் பூங்காவுக்கு வர அனுமதி கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பத்துமலைப் பக்கம் குடியிருப்பவன் எழுதிக்கொள்வது. என்னிடம் கார் இல்லை. லைசென்ஸ் இல்லை. 9 ஆண்டுத் தவணைக் கடனும் இல்லை. ஆகவே என்னை முழுக் குடிமகனாகச் சேர்த்துக்கொள்வதில் உங்களுக்குள்ள சங்கடம் புரிகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மரம் செடி பார்க்க வேண்டும் என்ற கெட்ட பழக்கம் மட்டும் விட்டபாடில்லை.

நான் பார்க்க ஆசைப்படுவது பெர்டானா தாவரவியல் பூங்காவை. 1888இல் ஆல்ஃபிரட் வென்னிங் என்ற சிலாங்கூர் கருவூல அதிகாரியின் யோசனையில் உருவான ஏரிப் பூங்கா. அன்று துரைமார்கள் குதிரை வண்டியில் காற்று வாங்க வந்தார்கள். இன்று மக்கள் காரில் வருகிறார்கள். வண்டிதான் மாறியிருக்கிறது. வண்டியே இல்லாத ஒருவன் வரக்கூடுமோ என்ற சந்தேகம் மட்டும் இன்னும் யாருக்கும் வரவில்லை.

ரயிலைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2010 முதல் பத்துமலைக் கோயில் வாசலிலேயே கொமியூட்டர் நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் செந்தூல் தாண்டி, பழைய கோலாலம்பூர் நிலையம் தாண்டி, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து நடைவழியிலேயே, 2017இல் திறந்த முசியம் நெகாரா எம்ஆர்டி நிலையம். குளிர்காற்று, நகரும் படி, தலைக்கு மேல் அம்புக்குறி. மேலே ஏறி வெளியே வந்தால் ஜாலான் டாமான்சாரா.

அங்கிருந்து பூங்கா கூப்பிடு தூரம்தான். கண்ணுக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியாது. நிலையத்துக்குப் பெயர் தந்த அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு பாலம், அப்புறம் கோளரங்கக் குன்றில் ஒரு ஏற்றம் என்று விவரமறிந்தவர்கள் காதோடு காதாகச் சொல்கிறார்கள். விவரமறியாதவர்கள் நடைபாதையை நம்புகிறார்கள். நம் ஊர் நடைபாதையின் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா? இரண்டு ஆள் அகலத்தில் தொடங்கும். சற்றுத் தள்ளி ஒரு மின்கம்பம் நடுவில் வந்து நிற்கும். அதைச் சுற்றிப் போனால் ஒரு மோட்டார் சைக்கிள் ஓய்வெடுக்கும். அதற்கப்பால் புல், உடைந்த சாக்கடை மூடி, அதோடு சரி. சாலையைக் கடக்க ஒரு பாட்டி நிற்கிறார்: ஒரு கையில் குடை, மறு கையில் பேத்தி. நடப்போருக்கான பச்சை விளக்கு, அவர் பாதி தூரம் வருவதற்குள் அவசரமாகக் கண்சிமிட்டுகிறது.

இதற்கு மேல் உங்களால் முடியாது என்று சொன்னால் அது அபாண்டம். தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பியதும், பத்துமலை வரை சுமார் 15 கிலோமீட்டருக்கு நகரமே நடப்பவனுக்கு ஒதுங்கி நிற்கிறது. சாலை மூடப்படும், ரயில் விடிய விடிய ஓடும், மூலைக்கு மூலை தண்ணீர்ப் பந்தல். போலீஸ்காரர் கையை நீட்டினால் எவ்வளவு பெரிய காரும் நிற்கும். இந்த ஊரில் நடப்பவனுக்கு மரியாதை வேண்டுமென்றால் நேர்த்திக்கடன் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்கள்:

1. காவடியோடு வந்தால்தான் வழி உண்டு என்றால் தெரிவித்துவிடுங்கள். பூங்காவுக்கேற்ற பூக்காவடியாகவே கட்டிக்கொள்கிறேன்.

2. கார் நிறுத்துமிடத்தைக் காட்டும் அம்புக்குறிகளில் ஒன்றையாவது ரயில் நிலையத்தின் பக்கம் திருப்பிவையுங்கள்.

3. உங்கள் அடுத்த கூட்டத்தைப் பூங்காவில் நடத்துங்கள். அன்று ஓட்டுநர்களுக்கு விடுப்பு. அனைவரும் கோப்பும் கையுமாக ரயிலில் வரவும். நேரம் மாலை 4 மணி. அந்நேரத்து மழையில் நிலையத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்தால், கூரை போட்ட நடைபாதைத் தீர்மானம் விவாதமே இல்லாமல் ஒருமனதாக நிறைவேறும்.

இப்படிக்கு,
பதிவு எண் இல்லாத குடிமகன்,
பத்துமலை