குந்து கண்ணு, கணக்கு பாக்கலாம்

ஓட்டை விக்காதேன்னு நோட்டீஸு எடுத்துகினு வந்துகீறியா கண்ணு? சோக்கா அச்சடிச்சிருக்க. குந்து. மொதல்ல தண்ணி குடி. கேன் தண்ணிதான், பயப்படாத. 2013ல இதே தண்டையார்பேட்டைல போரைத் தொறந்தா டீசல் வந்துச்சு. எண்ணெய்க் குழாய் பூமிக்கடியில ஒடைஞ்சு கெணத்துல கலந்துடுச்சு. அப்ப எவனும் இந்தத் தெருவுக்குப் புத்தி சொல்ல வரல. தேர்தல்னா மட்டும் எங்க ஒழுக்கத்து மேல அல்லாருக்கும் அக்கறை வந்துடுது.

நான் ஒண்ணு கேக்கட்டா? மவுண்ட் ரோடுக்கு அந்தாண்ட கீறவன் ஓட்டுப் போட லீவு விட்டா மகாபலிபுரம் போறான். அவன்கிட்ட நோட்டீஸு குடுத்தியா? இங்க, ஆர்.கே. நகர்ல, 2017 டிசம்பர் இடைத்தேர்தல்ல நூத்துக்கு 77 பேரு வரிசைல நின்னாங்க. அதுக்கு ஒரு சபாஷு உண்டா? கிடையாது. "வித்துட்டாங்க"ன்னு பேருதான்.

சரி, விக்கறதுன்னா வாங்குனவன் ஒருத்தன் இருக்கணுமில்ல? அவனைப் பத்தி உன் நோட்டீஸுல ஒரு வரி கூட காணமே.

2017ஐ நல்லா ஞாபகம் வச்சுக்கோ. அந்த ஒரு வருசத்துல எங்க பேட்டை பாக்காத நாடகம் இல்ல. ஜனவரி 28, விடியக்காலைல எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. எண்ணெய் கரைக்கு வந்துச்சு. எர்ணாவூர்ப் பக்கம் பாறைக்கு நடுவுல தார் காய்ச்சுன மாதிரி கறுப்புக் கூழு. அதை எதால எடுத்தாங்க தெரியுமா? வாளியால. மீனவப் பசங்க, காலேஜு பசங்க, அல்லாரும் வரிசையா நின்னு வாளி கைமாத்துனாங்க. கையெல்லாம் கறுப்பு, தேய்ச்சாலும் போகாது. பத்து நாள் கழிச்சு ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.ங்களை பஸ்ஸுல ஏத்தி கூவத்தூர் ரிசார்ட்டுல கொண்டுபோய் வச்சாங்க. அதுவும் கடற்கரைதான் நைனா. அவங்க கரையில ஏசி இருந்துச்சு, எங்க கரையில வாளி இருந்துச்சு.

ஏன் ரிசார்ட்டு? பிப்ரவரி 7 ராத்திரி ஓ. பன்னீர்செல்வம் மெரினால ஜெயலலிதாம்மா சமாதியில கண்ணை மூடி குந்துனாரு. எழுந்து வந்து தர்மயுத்தம்னாரு. அம்மா சாவுல மர்மம் கீது, விசாரிக்கணும்னாரு. ஏப்ரல்ல எங்க தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்துச்சு. அம்மா நின்னு ஜெயிச்ச தொகுதியாச்சே! பன்னீர்செல்வம் அணி பிரச்சாரத்துல இன்னா கொண்டாந்தாங்க தெரியுமா? தேசியக் கொடி போத்துன சவப்பெட்டி. உள்ள அம்மா மாதிரி ஒரு பொம்மை. அதை வண்டில வச்சு, அவங்க வேட்பாளர் மதுசூதனனுக்கு ஓட்டு கேட்டு, எங்க தெருவுல ஊர்கோலம். இங்க சாவு வூட்டுக்கு மோளம் அடிக்கறவன் கூட பொணத்தை வச்சு வியாபாரம் பேச மாட்டான்.

அப்பால ஆகஸ்டு 21. பன்னீர்செல்வம் அணியும் ஆட்சில இருந்த அணியும் கைகோத்துச்சு. ஆளுநர் பக்கத்துல நின்னு ரெண்டு கையையும் சேத்து வச்சாரு. தர்மயுத்தம் பண்ணவரு துணை முதலமைச்சர் ஆனாரு. விசாரணைக்கு ஆறுமுகசாமி ஆணையம் போட்டாங்க. விசாரிக்கச் சொன்னவருக்கே அந்த ஆணையம் சம்மன் மேல சம்மன் அனுப்புச்சு. எப்ப வந்தாரு? 2022 மார்ச்சுல. வந்து, எனக்குத் தனிப்பட்ட சந்தேகம் ஒண்ணும் இல்ல, ஜனங்க சந்தேகப்பட்டாங்க, அதான் கேட்டேன்னாரு. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்னு எங்க ஆயா சொல்லும். இப்ப சொல்லு, அந்த சவப்பெட்டி எந்த சந்தேகத்துக்கு வந்துச்சு?

நீ கேட்ட துட்டு சமாச்சாரத்துக்கு வரேன். அவசரப்படாத.

2016 நவம்பர் 8 ராத்திரி 500ம் 1000மும் செல்லாதுன்னாங்க. கறுப்புப் பணம் ஒழிஞ்சுதுன்னாங்க. கருவாட்டு கூடைக்காரி முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த நோட்டை மாத்த பேங்கு வாசல்ல வெயில்ல நின்னா. ஒழிஞ்சுது இல்ல? அஞ்சு மாசம் கழிச்சு, 2017 ஏப்ரல் 7, சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் வூட்டுல வருமான வரிக்காரங்க சோதனை. ஒரு தாள் கெடைச்சுதுன்னாங்க. எங்க தொகுதில 2,24,000 பேரு சொச்சம், தலைக்கு 4,000, மொத்தம் 89 கோடி. அவரு இதெல்லாம் பழிவாங்கறதுன்னாரு. தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து பண்ணிடுச்சு. ஒழிஞ்ச பணம் இவ்ளோன்னா, ஒழியாதது எவ்ளோன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

அப்பால வழக்கு போட்டாங்களே, அது இன்னும் தமாஷு. தாள் கீது, கணக்கு கீது, அமைச்சருங்க பேரு கீதுன்னு பேப்பர்ல வந்துச்சு. எஃப்.ஐ.ஆர். மட்டும் அடையாளம் தெரியாத ஆளுங்க மேல! அதையும் 2018ல ஐகோர்ட்டுல ரத்து பண்ணியாச்சு. ஆச்சுன்ற சேதியே ஊருக்கு மெதுவாத்தான் தெரிஞ்சுது. சட்டத்துல குடுக்கறதும் தப்பு, வாங்கறதும் தப்பு. இங்க குடுத்தவன் அடையாளம் தெரியாதவன். வாங்குன எங்களை மட்டும் அடையாளம் தெரிஞ்சு நீ நோட்டீஸோட வந்துகீற!

ஏப்ரல்ல தொப்பி சின்னத்துல நின்னவரு டி.டி.வி. தினகரன். அமைச்சரு அப்ப அவரு பக்கம். டிசம்பர்ல தினகரன் குக்கர்ல நின்னாரு, அமைச்சரு எதிர்ப்பக்கம், இரட்டை இலைக்கு ஓட்டு கேட்டாரு. நடுவுல, இலையை வாங்க தேர்தல் ஆணையத்துக்கே லஞ்சம் குடுக்கப் பாத்தாருன்னு தினகரனை டெல்லி போலீஸு பிடிச்சுது. அவரு இல்லவே இல்லைன்னாரு. அல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. ஆனா துட்டு மட்டும் எப்படியோ வருது.

டிசம்பர் 21 ஓட்டு. மொத நாள் தினகரன் அணி வெற்றிவேல் ஒரு வீடியோ உட்டாரு. ஆஸ்பத்திரி கட்டில்ல அம்மா ஜூஸு குடிக்கிறாங்க. 2015ல அம்மாவுக்காக இதே தொகுதியை ராஜினாமா பண்ண அதே வெற்றிவேல். ஏப்ரல்ல அந்த அணி பொணத்தைக் காட்டுச்சு, டிசம்பர்ல இந்த அணி நோயாளியைக் காட்டுச்சு. மாறி மாறி, ஒரு பொம்பளையைக் கட்டில்ல கெடத்திக் காட்டுனதுதான் ரெண்டு தேர்தலுக்கும் மூலதனம்.

அந்த சமயத்துல பரவுனதுதான் 20 ரூபா டோக்கன். நோட்டு நம்பரைக் குறிச்சுகினு, ஜெயிச்சா பத்தாயிரம்னு சொன்னாங்கன்னு பேச்சு. தினகரன் அதையும் மறுத்தாரு. எங்க தெரு ஆயா ஒண்ணு அந்த நோட்டை ஊறுகா ஜாடிக்கு அடில வச்சிருந்துச்சு. மடிச்ச மடிப்பு கலையக்கூடாதாம். டிசம்பர் 24 எண்ணுனாங்க. குக்கருக்கு 89,013, இலைக்கு 48,306. உதயசூரியனுக்கு டெபாசிட் போச்சு. தாமரைக்கு 1,417, நோட்டாவுக்கு 2,373. ஆயா ஜாடியைத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சு. ஒருத்தனும் வரல.

அப்ப கமல்ஹாசன் பத்திரிகைல எழுதுனாரு, 20 ரூபாய்க்கு விலை போயிட்டாங்களேன்னு. பெரிய மனுசன், வேதனைல எழுதிருப்பாரு. ஆயாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். "அவரு எத்தினி நாளு இங்க தண்ணி லாரிக்குக் குடம் வச்சாரு?"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. உனக்குத் தெரியுமா?

ஒரு கட்சியை மட்டும் இஸ்து வச்சு பேசறேன்னு நெனைக்காத. 2009ல ஓட்டுக்குத் துட்டுன்ற விசயத்துல திருமங்கலம் ஃபார்முலான்னு பேரு வாங்குனது தி.மு.க. 2019ல வேலூர்ல 11 கோடிக்கு மேல பிடிச்சு, நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாச்சு. அதே தி.மு.க. வேட்பாளர் கதிர் ஆனந்த் ஆகஸ்டுல திரும்ப நின்னு 8,141 ஓட்டுல ஜெயிச்சு எம்.பி. ஆனாரு. அவரும் எனக்கு சம்பந்தமில்லைன்னாரு. அந்த ஊரு ஜனத்துக்கு நோட்டீஸு குடுத்தவங்க இருப்பாங்க.

காசிமேட்டுல மீன் ஏலம் பாத்துகீறியா? விடியக்காலைல போய்ப் பாரு. கூடையைத் தொறந்து, கவிழ்த்து, செவுளைத் தூக்கிக் காட்டுனாதான் ஏலக்காரன் வெலையே ஆரம்பிப்பான். கெட்டுப்போன வஞ்சிரத்தை மூடி வச்சு வித்தா, அடுத்த நாளு அந்தப் படகுகிட்ட ஒருத்தனும் குந்தமாட்டான். இங்க கட்சிக்காரன் மூடுன கூடையை தலைல வச்சுகினு, மீனு வாங்குற எங்களைப் பாத்து, உனக்கு நாத்தம் தெரியலியாங்கறான்.

தப்பு எங்க மேலயும் கீது. இல்லைன்னு சொல்லல. வாங்குறவன் கையி நீண்டாதான் குடுக்கறவன் வருவான். ஆனா வாங்கறவனுக்கு அந்த 4,000 பள்ளிக்கூட ஃபீஸு, ரேசன் கடன். குடுக்கறவனுக்கு அது முதலீடு. அஞ்சு வருசத்துல எத்தினி மடங்கா எடுப்பான்னு கணக்கு போட்டுகினுதான் போடறான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எண்ணூர் கழிமுகத்துக்குள்ள மறுபடியும் எண்ணெய் வந்துச்சு. அப்பவும் வலைக்காரப் பசங்கதான் கையால வாருனாங்க. அந்த வாளிக்கு எவன் டோக்கன் குடுத்தான்?

2021ல தினகரன் ஆர்.கே. நகரை உட்டுட்டு கோவில்பட்டில நின்னாரு. தோத்தாரு. அந்த ஆயா கேட்டுச்சு, கோவில்பட்டிக்கு எந்த ரயிலுன்னு. எழும்பூர்ல ஏறணும்னேன். போயிட்டு வர டிக்கெட்டே 20 ரூபாவைத் தாண்டுமேன்னு திரும்பிப் போச்சு.

இப்ப உன் நோட்டீஸைக் குடு. எத்தினி கீது கையில, ஐநூறா? பாதியை இங்க வை. மீதியை எடுத்துகினு போயஸ் கார்டன் பக்கம், கட்சி ஆபீஸு ஆபீஸா போய் உள்ள குடுத்துட்டு வா. வெளிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துடாத, அவரும் இந்தப் பக்கத்து ஆளாத்தான் இருப்பாரு.