ஆறு ஆல்பம் போட்ட கொள்ளைக்காரர்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. அந்தக் கிதாரைச் செவுத்துல சாச்சு வை, கோழி மிதிச்சிடப் போவுது. காத்தால உங்கம்மா சொன்னா: மூணு பாட்டு போட்டுட்டியாம், நாலாவது வரமாட்டேங்குதாம், ரெண்டு நாளா சோறு எறங்கலியாம். சோத்து விஷயம் மட்டும் கொஞ்சம் இடிக்குது. நேத்து வெச்ச வஞ்சிரக் கொழம்பு எந்த வழியாப் போச்சுன்னு எனக்குத் தெரியும்.

"என் சவுண்டு எவால்வ் ஆவணும் தாத்தா"ன்னே. அப்படின்னா இன்னாடான்னேன். மாறிகினே வளர்றதுன்னே. நம்ப கொல்லையில வேப்பமரம் அறுபது வருஷமா அதத்தான் பண்ணுது, யாருகிட்டயும் சொல்லிக்கினதில்ல. சரி, நீயும் சும்மா இல்ல. உங்கப்பன் நெல்லு போட்ட துட்டுல காலால மிதிக்கிற பெட்டி ஒண்ணு வாங்கியாந்தே. உங்க பாட்டியோட தையல் மிஷின்கூட அவ்ளோ மிதி வாங்கினதில்ல. மூணு பாட்டையும் கேட்டேன்டா. மொதல்ல மாமல்லபுரத்து மணல்ல குந்திகினு அழுவறே. ரெண்டாவதுல கோவளத்து அலைப்பலகை மேல நின்னுகினு அழுவறே. மூணாவதுல பெட்டியை மிதிச்சிகினு அழுவறே. சத்தம் மூணு, அழுவறவன் ஒருத்தன்.

நீ கும்பிடற அந்த அமெரிக்காக்காரரு டிலன் கதையை நீதான் எனக்குச் சொன்னே. 1965-ல நியூபோர்ட் விழாவுல கரண்ட் கிதாரைத் தூக்கிகினு மேடை ஏறினாரு, கூட்டத்துல ஒரு பக்கம் கூச்சல் போட்டாங்க. 2016-ல நோபல் பரிசு அவரு பேருக்கே வந்துச்சு. நீ அதுல கரண்டைப் பார்த்தே, கடைக்கு ஓடினே. பரிசை எலக்கியத்துக்குல்ல குடுத்தாங்க, ஒயருக்கா குடுத்தாங்க?

ஆல்பம்னாலே வெளிநாட்டு சமாச்சாரம்னு நெனச்சிகினு இருக்கே. ஆறு ஆல்பம் போட்ட ஒருத்தரு நம்ப கடற்கரைக்கே வந்து பாடிட்டுப் போயிருக்காரு. திருமங்கையாழ்வார். 8-ஆம் நூற்றாண்டு ஆளு. காஞ்சிபுரத்துப் பதிகம் ஒண்ணுல ராஜா பல்லவமல்லன் ஜெயிச்ச சண்டைங்களை அடுக்கி வெச்சிருக்காரு. சீர்காழிப் பக்கம் திருக்குறையலூர்க்காரரு, சின்னப் படைத்தலைவரு. அடியாருங்களுக்குச் சோறு போட வழிப்பறி பண்ணாருன்னு குருபரம்பரைக் கதை சொல்லும். ஆல்பத்துக்கு அப்பன் துட்டை எடுக்கிறது ஒண்ணும் புதுசில்ல, அவரு ஊரான் துட்டையே எடுத்தாராம். அத்த நீ கத்துக்க வேணாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில்ல பாட்டு கோஷ்டி முடிஞ்சா புளியோதரை குடுப்பாங்க. புளியோதரைக்குன்னு போனவன் காதுலயும் பாட்டு விழுந்துதானே ஆவணும்.

மொத ஆல்பம் பெரிய திருமொழி, 1084 பாட்டு. அதுல ரெண்டாம் பத்தைப் பிரிச்சா பஸ் ரூட்டு மாதிரி இருக்கும். வேங்கடத்துல ஆரம்பிச்சு திருவள்ளூரு, திருவல்லிக்கேணி, திருநீர்மலை, அப்புறம் கடல்மல்லைன்னு அவரு பாடற நம்ப மாமல்லபுரம், அடுத்து திருவிடந்தை, அங்கேருந்து காஞ்சிபுரம். நம்ப ஊருக்கு ஒண்ணு பத்தலன்னு ரெண்டு பதிகம். மொதப் பதிகத்துல பாட்டுக்குப் பாட்டு, தேடினவனை இங்கதான் கண்டேன்னு முடியுது. தொலைஞ்ச மாடு கெடச்சவன் போடற சத்தம் அது. ரெண்டாவதுல ஆளு நிதானமாயிடறாரு. துறைமுகத்தைப் பாக்கறாரு, பொன்னும் யானையும் மணியும் ஏத்தின கப்பலுங்க பாரம் தாங்காம சாய்ஞ்சிகினு போவுது. சுடுகாட்டுல ஆடற சிவனும் பெருமாளோட சேந்து இருக்கிற எடம்னு ஒரு பாட்டுல சொல்றாரு. கடற்கரைக் கோயிலுக்குள்ள போய்ப் பாரு, ரெண்டு சிவன் சன்னிதிக்கு நடுவுல பெருமாள் படுத்திருப்பாரு. வந்தவரு கண்ணைத் தொறந்து வெச்சிகினு பாடியிருக்காருடா. நீயும் அதே மணல்லதான் குந்தினே. உன் பாட்டுல ஒரு கட்டுமரம்கூட இல்ல.

அப்புறம் வடக்கால திரும்பி அரை மணி நேரம் பஸ்ஸுல போனா திருவிடந்தை. கல்யாணம் ஆவாதவங்க மாலையைக் கழுத்துல போட்டுகினு சுத்தற கோயில். உன்னையும் உங்கம்மா இழுத்துகினு போவா, கொஞ்சம் பொறு. அந்த ஊர்ப் பதிகத்துல பாடறது ஆழ்வாரே இல்ல. பொண்ணைப் பெத்த ஒரு தாயி. எம்பொண்ணு உன்னை நெனச்சு இப்படி எளைச்சிட்டாளே, உன் எண்ணம்தான் இன்னான்னு பெருமாளையே நிக்கவெச்சுக் கேக்கறா. கத்தி புடிச்ச கையி, மீசை வெச்ச மூஞ்சி, வாயி மட்டும் அம்மா வாயி. ஒரு பதிகத்துக்கும் அடுத்த பதிகத்துக்கும் நடுவுல அவரு பாட்டுல மாறினது பெட்டியும் இல்ல, ஒயரும் இல்ல. ஆளையே மாத்திட்டாரு.

அதோட வுட்டாரா? அதே ஆல்பத்துல பின்னாடி ஒரு கூத்து பண்றாரு. ராவணன் தோத்துட்டான். செத்தது போக மிச்சமிருக்கிற ராட்சசனுங்க, எங்களைக் கொல்லாதீங்கன்னு தாளம் போட்டுக் குதிச்சிப் பாடறானுங்க. அந்தப் பாட்டு பொங்கத்தம் பொங்கோன்னு முடியும். தோத்தவன் தொண்டைக்குள்ள பூந்து பாடறது லேசா? இன்னொரு எடத்துல சாழல். ரெண்டு பொண்ணுங்க எதிரெதிரா நின்னு, ஒருத்தி சாமியை மட்டம் தட்ட, மத்தவ வெடுக்குன்னு பதில் குடுக்கிற ஆட்டம். தெருவுல ஆடினதை எடுத்துக் கோயிலுக்குள்ள வெச்சிட்டாரு.

கொள்ளையின்னு சொன்னேன் இல்ல, பாட்டுலயும் அதே கைதான். ரெண்டு ஆல்பத்துக்குத் தாண்டகம்னு பேரு: குறுந்தாண்டகம் 20 பாட்டு, அடிக்கு ஆறு சீரு, நெடுந்தாண்டகம் 30 பாட்டு, அடிக்கு எட்டு சீரு. தாண்டகத்துல ராஜா யாரு? 7-ஆம் நூற்றாண்டு அப்பர், சிவன் கட்சி. இன்னொரு ஆல்பம் எழுகூற்றிருக்கை. ஒண்ணு ரெண்டு ஒண்ணு, ஒண்ணு ரெண்டு மூணு ரெண்டு ஒண்ணுன்னு ஏழு வரைக்கும் ஏறி எறங்கி, தேர் மாதிரி கட்டற வித்தை. அத்தையும் அதே சிவன் கட்சி சம்பந்தர் முன்னாடியே பண்ணிட்டாரு. எதிர்க்கட்சி வீட்டுலேருந்து சட்டத்தை எடுத்தாந்து தன் தேரைக் கட்டினவரு இவரு. நீ இன்னாடான்னா, பக்கத்துத் தெருப் பையன் உன் மெட்டைக் காப்பி அடிச்சான்னு மொறைச்சிகினு திரியறே.

சிறிய திருமடல், பெரிய திருமடல்னு பாக்கி ரெண்டு. பனைமட்டையில குதிரை பண்ணி, அது மேல ஏறிக் காதலை ஊரறியச் சொல்றது மடல். பொம்பளைங்க மடல் ஏறக் கூடாதுன்னு தமிழ் இலக்கணம். இவரு பொண்ணாவே ஆயி ஏறுவேன்னு நின்னாரு. கேட்டவங்களுக்கு, எங்களுக்கு வடநாட்டு வழிதான்னு பாட்டுக்குள்ளயே பதிலும் சொல்லிட்டாரு. நெடுந்தாண்டகத்துக்கு வா: மொதப் பத்து அவரு குரல், அடுத்த பத்து தாயி, கடேசிப் பத்து பொண்ணு. 30 பாட்டுல மூணு பேரு குடித்தனம்.

நீ இப்ப இன்னா கேப்பேன்னு தெரியும். மெட்டு எங்க தாத்தா? அந்தக் காலத்துப் பண்ணு போயிடுச்சுடா. ஆழ்வாருங்க பாட்டையெல்லாம் ஆச்சாரியர் நாதமுனி தேடி எடுத்து இசை கட்டினாருன்னு சொல்வாங்க. ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரில கோயில் பாட்டுக்காரங்க அரையருங்க இன்னும் தாளத்தோட பாடறாங்க. நம்ப ஊரு கோஷ்டியில எல்லாப் பாட்டையும் ஒரே இழுப்புதான் இழுக்கறாங்க. அந்த ஒரே இழுப்புலயும் கடல்மல்லை முடிஞ்சு திருவிடந்தை வந்தா எனக்கு ஆளு மாறினது கேக்குது. உன் பெட்டியைப் புடுங்கிட்டா உன் மொதப் பாட்டுக்கும் மூணாம் பாட்டுக்கும் வித்தியாசம் கேக்குமா? கோவிச்சிக்காதே, தண்ணி குடி.

எல்லாரும் ஆறு போடணும்னு நான் சொல்ல வரல. இதே மாமல்லபுரத்துல பொறந்தவருன்னு சொல்ற பூதத்தாழ்வார் போட்டது ஒரே ஆல்பம். நூறு வெண்பா, ஒண்ணு முடியற சொல்லுல அடுத்தது ஆரம்பிக்கும். அவ்ளோதான், அதுக்கே ஆழ்வார் ஆயிட்டாரு. நம்ப திருக்கழுக்குன்றத்துக் கோயில் கொளத்துல சங்கு பன்னண்டு வருஷத்துக்கு ஒருதரம்தான் வருது, கூட்டத்துக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. நீ வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பாட்டு வுடலன்னா ஜனம் மறந்துடும்னு பயப்படறே. இன்னொண்ணு, திருமங்கையாழ்வார் பதிகத்தோட கடேசிப் பாட்டுல வந்துதான் கலியன்னு தன் பேரைச் சொல்வாரு. உன் பாட்டுல கிதாரு எழுந்திரிக்கறதுக்குள்ளயே உன் பேரு எழுந்திரிச்சு மூணு வாட்டி கத்துது.

இப்ப வேலைக்கு வா. உங்கம்மா மாதிரி ஒரு பாட்டு எழுது. புள்ள கிதாரைக் கட்டிகினு அழுவறானே, கழனிக்கு யாரு தண்ணி கட்டறதுன்னு அவ பாடறா மாதிரி. பெட்டி வேணாம், எரவாணத்துல சொருவி வை. சனிக்கிழமை காத்தால வண்டியை எடு, மாமல்லபுரமும் திருவிடந்தையும் ஒரே சுத்துல பாத்துட்டு வந்துடலாம், நானும் பின்னாடி குந்திக்கறேன். பெட்ரோலு உன் துட்டு. ஏழு மணிக்குள்ள கெளம்பணும், லேட்டானா புளியோதரை தீந்துடும்.