மலிவு விலையில் ஒரு இடியன்

கல்முனைக் கடற்கரையில் நின்று பார்த்தால் சுடுவதற்கு நண்டுதான் உண்டு. துவக்குக்கு வேலை மேற்கே, வயல்களில். அங்கே கதிர் முற்றினால் விவசாயிக்கு முன்னால் காட்டுப் பன்றி அறுவடைக்கு வந்துவிடும்.

துவக்கு மலிவாக வேண்டுமென்றால் இடியன். குழல் வாயால் மருந்தை இட்டு, சன்னம் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். ஒரு வெடிதான். அடுத்ததற்குத் திரும்ப முதலிலிருந்து. அதுவரை பன்றி பொறுமையாக நிற்க வேண்டும். பெரும்போகமோ மாரி மழையில். மருந்து நனைந்தால் இடியனும் ஒரு கம்புதான். கம்பு இதைவிட மலிவு, அதற்கு அனுமதிப்பத்திரமும் தேவையில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இடியனையும் விட்டுவைக்கவில்லை. பத்திரமில்லாமல் பட்டறையில் மலிவாக முடித்தவர் மிச்சம் பிடித்ததைச் சட்டத்தரணியிடம் கொடுப்பார், குழல் முகத்தில் வெடிக்காமல் இருந்தால்.

சரி, சுட்டாயிற்று. பிறகு? பன்றியைச் சுடலாம், எங்களூரில் தின்ன முடியாது. மானைத் தின்னலாம், 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் சுட விடாது. மார்க்கமும் சட்டமும் இவ்வளவு ஒற்றுமையாக ஒருவரின் கறிச்சட்டியைக் காலியாக்கியதை வேறெங்கும் கண்டதில்லை. ஆனாலும் துவக்கு ஆசை விடுவதாயில்லை.

"யானை வந்தா என்ன செய்வீங்க காக்கா?"

"துவக்கப் போட்டுட்டு ஓடுவன் தம்பி. பாரமான சாமான்."