நடக்கும் பொடுகு

கேள்வி: எங்கள் முயலுக்கு முதுகெல்லாம் பொடுகு. முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. 'எல்லாம் வெயில் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு' என்கிறார் கணவர். செய்யலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: அவர் பிடித்த முயலுக்கு மூன்றே காலாக இருந்துவிட்டுப் போகட்டும், உங்கள் முயலைக் குளிப்பாட்ட வேண்டாம். மிரண்டு உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறியலாம். அடர்ந்த முடி லேசில் காயாது, உடம்பு குளிர்ந்துபோகும். எண்ணெயும் வேண்டாம். ஓயாமல் உடம்பை நக்கும் பிராணி அது. மேலே பூசியது வயிற்றுக்குத்தான் போகும். கற்பூரம் கலந்த எண்ணெய் என்றால் விஷம்.

கறுப்புத் துணி ஒன்றை விரித்து, முயலை அதன்மேல் உட்காரவைத்து, பிடரியிலும் வால் பக்கத்திலும் முடியைக் கோதிவிடுங்கள். விழுந்த பொடுகை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பொடுகு நடந்தால், அது செயிலெட்டியெல்லா என்னும் பூச்சி. அரை மில்லிமீட்டர்கூட இராது. நடக்கவில்லை என்பதால் பூச்சி இல்லை என்றும் ஆகாது. டாக்டர் செலோடேப்பில் ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். தோல் சுத்தமாக, அரிப்பில்லாமல், அடியில் புது முடி முளைத்துவந்தால் அது முடி மாற்றும் பருவம். தினம் சீவிவிட்டால் போதும்.

கேள்வி: நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து பாதி மிச்சமிருக்கிறது. முயலுக்கு ஒரு சொட்டு விடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடவே கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் ஃபிப்ரோனில் முயலைக் கொல்லும். முயலுக்கு ஐவர்மெக்டின் ஊசியோ, பிடரியில் விடும் செலமெக்டினோ எடை பார்த்து டாக்டர் கொடுப்பார். முதல் ஊசியிலேயே அரிப்பு குறைந்துவிடும். அதோடு நாமும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டோம். பூச்சி ஜெயிப்பது அங்கேதான்! மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதற்காகத்தான் 10 முதல் 14 நாள் இடைவெளியில் 2, 3 முறை கொடுப்பது. வீட்டில் எத்தனை முயலோ அத்தனைக்கும் ஒரே நாளில் கொடுங்கள். முயலின் உடம்பை விட்டு இறங்கியும் பூச்சி ஒரு வாரத்துக்கு மேல் பிழைத்திருக்கும். பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூண்டை வெந்நீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவையுங்கள்.

கேள்வி: முயலைத் தூக்கிக் கொஞ்சும் என் கையிலும் சிவப்புத் தடிப்புகள். ஒட்டிக்கொண்டதா? (மாணவி, கோவை)

பதில்: ஒட்டியிருக்கலாம். ஆனால் இந்தப் பூச்சி மனித உடம்பில் குடித்தனம் நடத்தாது. முயல் குணமானால் உங்கள் அரிப்பும் அடங்கும். தடிப்பு வட்டமாக, ஓரம் சிவந்து படர்ந்தால் அது படர்தாமரை. தோல் டாக்டரிடம் காட்டுங்கள். முயல் வளர்ப்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பெண் முயல் தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்குகிறது. பைத்தியமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பிரசவ ஏற்பாடு! குட்டிகளுக்கு மெத்தை போடுகிறாள். சினைக்காலம் சுமார் 31 நாள். ஆண் துணையே இல்லாவிட்டாலும் பொய்ச்சினை வரும். 16 முதல் 18 நாளில் தானே தெளியும். வைக்கோலும் ஒரு பெட்டியும் கொடுத்து, தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

கேள்வி: காதுக்குள் பழுப்பு நிறத்தில் அடை அடையாகப் பொருக்கு. பட்ஸ் வைத்து எடுக்கிறான் மகன். சரியா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பொருக்குக்கு அடியில் பச்சைப் புண் இருக்கும். பிய்த்தால் அந்த வாயில்லா ஜீவனுக்கு உயிர் போகிற வலி. இது சோராப்டிஸ் என்ற காதுப்பூச்சி. ஊசி போட்டால் பொருக்கு தானே உதிரும். மூக்கு, உதடு, கால் விரல்களில் பொருக்கு கட்டினால் அது சார்காப்டிஸ் சொறி. மனிதருக்கும் தொற்றும், கையுறை போட்டுத் தொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் முயல் பார்க்கும் டாக்டர் யாரும் இல்லையே? (வாசகர், அரியலூர்)

பதில்: ஒரத்தநாடு உங்களுக்குப் பக்கம்தான். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலியிலும் உண்டு. முதலில் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். சொறிக்கு நாலு நாள் பொறுக்கலாம். முயல் அரை நாள் தீனி எடுக்காமல், புழுக்கை போடாமல் இருந்தால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.