எட்டாம் திரை விலக்கிய பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்

மேன்மை தங்கிய மியூசிக் பிளேயர் மென்பொருள் நிறுவனத்தாரின் திருச்சமூகத்துக்கு, ஆண்டுச் சந்தாவை ஒரு நாளும் பிந்தாமல் கட்டிவரும் அடியேன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது.

தங்களுடைய எட்டாம் பதிப்பு கிடைக்கப்பெற்றேன். இசைக்கும் எனக்கும் நடுவே தொங்கிய இன்னொரு திரையும் விலகிவிட்டதாக மின்னஞ்சலில் தெரிவித்திருந்தீர்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஏழாம் பதிப்பிலும் ஒரு திரை விலகியது, ஆறாம் பதிப்பிலும் ஒன்று விலகியது. வடலூர் சத்திய ஞான சபையிலேயே திரைகள் மொத்தம் ஏழுதான். தைப்பூசத்தன்று ஏழும் விலகியதும் ஜோதி தெரிந்துவிடும். ஜனங்கள் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். தாங்களோ எட்டாவதையும் விலக்கி, ஒன்பதாவதற்கு முன்பதிவும் தொடங்கிவிட்டீர்கள். வடலூரில் தரிசனம் இலவசம் என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருக்கு எட்டாம் பதிப்பின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் தங்கள் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் 'பிட் பெர்ஃபெக்ட்' என்ற எழுத்து. ஸ்ட்ரீமிங்கில் வரும் ஒவ்வொரு பிட்டும் யார் கையும் படாமல், எண்களை ஒலியாக்கும் டிஏசி பெட்டிக்குப் போய்ச் சேருகிறது என்று தாங்கள் செய்துகொடுக்கும் சத்தியம் அது. பத்தாவது படிக்கும் அவர் மகள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "மாமா, பாட்டு 44.1-னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு. இதுல 48-னு காட்டுதே?"

மச்சினர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் காத்திருந்த தருணம்.

தங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. 44.1-ஐ விட 48 பெரிய எண்ணாம். ஆகவே எனக்குக் கூடுதலாகத்தான் கிடைக்கிறதாம். கத்திரிக்காய் வாங்கினால் கொத்துமல்லி கொசுறு கிடைப்பதுபோல, நொடிக்கு 3,900 சாம்பிள் கொசுறு! அதோடு விட்டிருக்கலாம். வித்தியாசம் பிடிபடவில்லை என்றால், புதிய பதிப்புக்குப் பழக என் காதுக்கு இருநூறு மணி நேரம் கொடுக்கவேண்டும் என்றும் அறிவுரை. மென்பொருள் ஊற வேண்டியதில்லை, காதுதான் ஊற வேண்டும் போலிருக்கிறது.

1982-இல் சிடி கடைக்கு வந்த நாள்முதல் நொடிக்கு 44,100 சாம்பிள் என்பதுதான் அதன் கணக்கு. விண்டோஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாட்ஸப் மணியையும் பாட்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து, எல்லாவற்றையும் தன்னிடம் குறித்துவைத்திருக்கும் ஒரே வேகத்துக்கு மாற்றி அனுப்பும். என் கம்ப்யூட்டரில் அந்த வேகம் 48,000. 147-க்கு 160 என்ற விகிதம். அப்படி மாற்றினால் ஏறக்குறைய எல்லா சாம்பிளையும் புதிதாகக் கணக்கிட்டு உண்டாக்க வேண்டும். பழையவற்றில் அதிகம் போனால் 147-க்கு ஒன்றுதான் தப்பும். கணக்கு ஒழுங்காக நடந்தால் காதுக்குத் தெரியாமலே போகலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாங்கள் விற்றது 'தெரியாமல் மாற்றித் தருவது' அல்ல, 'மாற்றாமல் தருவது'. அதற்கான வழியும் 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே இருக்கிறது. வாசாபி எக்ஸ்க்ளூசிவ் மோட் என்று பெயர். 2002-இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார் 2000-இல் அதைப் போட்டு என் சொந்த சிடியிலிருந்து எடுத்த பாட்டை ஓடவிட்டேன். பெட்டியில் 44.1. ஒரு திரையும் விலகவில்லை, ஒரு ரூபாயும் செலவில்லை.

மியூசிக் பிளேயர் மென்பொருளுக்கு என்னதான் வேலை? இழப்பில்லாமல் சுருக்கிய ஃப்ளாக் கோப்பைப் பிரித்தால் எந்த மென்பொருளில் பிரித்தாலும் ஒரே எண்கள்தான் வரும். அவற்றைத் தொடாமல் பெட்டியிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவே. நல்ல டிஏசி தன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டும்போது வேண்டிய அளவு கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே 'பாட்டு முழுவதையும் முதலில் ராம் நினைவகத்தில் ஏற்றினால் தாளம் இறுகும்' என்ற தங்கள் பொத்தானின் தத்துவம் சிற்றறிவுக்கு எட்டவில்லை. பாடும்போது மானிட்டரை அணைத்துவிடும் பொத்தான் மட்டும் புரிகிறது. திரையை நிஜமாகவே விலக்குகிறீர்கள்.

எந்தப் பாட்டையும் 192 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தும் பொத்தானைப் பற்றியும் சொல்லவேண்டும். 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதர் பாடிய பாட்டை அதில் ஏற்றினேன். 96 கிலோஹெர்ட்ஸ் வரை பாகவதருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தீர்கள். நல்ல இளமைக் காதே 20-இல் நின்றுவிடும், என் வயதில் அதுவும் கிடையாது. அதற்கு மேலுள்ள இடத்தில் வௌவால்கள் கச்சேரி கேட்கட்டும். பாஸ்டன் பக்கத்தில் மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்ததில், கேட்டவர்கள் 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டினாலும் அதே விடைதான். அங்கே திரை கிழிக்கத் தங்களைக் கூப்பிடவில்லை போலும்.

பிறகு ஏழாம் பதிப்பிலும் எட்டாம் பதிப்பிலும் ஒரே பாட்டை ஓட்டி, வெளியே வரும் டிஜிட்டல் ஓட்டத்தைப் பதிவு செய்து, ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தேன். புதியது அரை டெசிபல் உரக்க இருந்தது. அளவைச் சமன் செய்து மறுபடி கழித்தபோது காதில் விழும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. சற்றே உரக்க ஒலித்தால் தெளிவு கூடியதாகக் காது நம்பிவிடும், ஸ்பீக்கர் விற்கும் எந்தக் கடைப்பையனுக்கும் தெரிந்த தந்திரம் இது. எட்டாம் திரை என்பது அரை டெசிபல்! இன்றைய சினிமாப் பாட்டுகளோ ஏற்கெனவே உச்சியில் தலை இடிக்க நிற்பவை. அரை டெசிபல் கூட்டினால் அலையின் தலை வெட்டுப்படும். காசும் வாங்கிக்கொண்டு பாட்டையும் கெடுத்து, கேட்டவனைப் பார்த்து 'உன் காது சரியில்லை' என்கிறீர்களே, வெட்கமாக இல்லையா? ரிடயரான பணத்தில் ஆசை ஆசையாகச் சந்தா கட்டுகிறவர்கள் எத்தனை பேர். அந்தப் பச்சை விளக்கு சோதித்துப் பார்த்தா எரிகிறது? ஓடுகிற பாட்டு எப்படிப் போனாலும் பச்சையாக எரியும்படி எழுதிவைத்த பொய்.

மன்னிக்க வேண்டும். எட்டுத் திரையும் விலகிய காதல்லவா, கோபம் தடுப்பில்லாமல் நேரே வெளியே வந்துவிட்டது. தங்கள் பேரறிவில் அடியேனுக்கு இம்மியும் சந்தேகமில்லை.

ஆகவே சமூகம் கருணை கூர்ந்து, 44.1 பாட்டுக்குப் பெட்டியில் 44.1 தெரியும்படி செய்யவேண்டும். தெரியாதபோது அந்தப் பச்சை விளக்கு எரியக்கூடாது. ஏற்றிவைத்த அரை டெசிபலை இறக்கிவிட வேண்டும். இவை நடக்கும்வரை ஒன்பதாம் திரைக்கான பணத்தைத் தானாக எடுக்கக்கூடாது என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் சந்தாதாரர்