கோடு போட்ட பதில்கள்

'கட்டட வரைபடம் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேட்கலாம்' என்று போன இதழில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி வாஸ்து. அவற்றை ஈசானிய மூலையில் இருக்கும் குப்பைக்கூடையில் மரியாதையாகச் சேர்த்துவிட்டேன். மிச்சம் இதோ.

? லைன்வெயிட், லைன்வெயிட் என்கிறார்களே, கோட்டுக்கு ஏது எடை?
– வாசகர், ஈரோடு

மஞ்சள் மண்டி ஊர்க்காரர் எடையைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்! தராசு வேண்டாம், ஸ்கேல் போதும். காகிதத்தில் விழும் கோட்டின் அகலம்தான் லைன்வெயிட். மில்லிமீட்டரில் சொல்வார்கள். நான் 'கனம்' என்பேன்.

? கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜூரியில் என் பிளானைப் பார்த்த சார், "இது வீடா, மீன் வலையா?" என்று கேட்டுவிட்டார். அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது. எதில் தப்பு?
– மாணவி, தஞ்சாவூர்

சாரைத் திட்டாதீர்கள் அம்மா, நல்ல மனுஷர். ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மணமக்கள் பெயர் கொட்டை எழுத்தில். பெற்றோர் அதைவிடச் சின்னதாக. முகூர்த்தமும் மண்டபமும் அதற்கடுத்து. கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பொடி எழுத்தில் ஒரு அறுபது பேர். அச்சகத்தார் இத்தனை பேரையும் ஒரே அளவு எழுத்தில் கோத்துவிட்டால் என்ன ஆகும்? எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. ஆனால் மணையில் உட்காரப்போவது யார், பந்தியில் உட்காரப்போவது யார் என்று தெரியாமல் மொய்க்கவரோடு முழிப்பீர்கள்.

பிளான் என்பது மேலே இருந்து எடுத்த போட்டோ இல்லை. தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் வீட்டைக் குறுக்கே ஒரே வெட்டு. மேல்பாதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறீர்கள். பூசணிக்காயை வெட்டினால் கத்தி பட்ட தோலும் சதையும் பளிச்சென்று இருக்கும், குழியில் கிடக்கும் விதை மங்கலாகத் தெரியும் இல்லையா? வீட்டில் கத்தி பட்டது சுவரும் தூணும். அவர்கள்தான் மணமக்கள், 0.5 கொடுங்கள். கத்திக்குக் கீழே கிடக்கும் சமையல் மேடை, கட்டில், திண்ணைக்கு 0.25. அளவுக்கோட்டுக்கு 0.18. தரை டைல்ஸ், ஹேட்ச் என்கிற நிரப்புக்கோடுகள் எல்லாம் நல்வரவை விரும்பும் கூட்டம், அவர்களுக்கு 0.13 தாராளம்.

நீங்கள் செய்தது என்னவென்று இங்கிருந்தே சொல்கிறேன். ஆட்டோகேட் மென்பொருளில் எதையும் தொடாவிட்டால் எல்லாக் கோட்டுக்கும் 'டிஃபால்ட்' என்று ஒரு கனம் இருக்கிறது, 0.25. அப்படியே பிளாட் போட்டிருப்பீர்கள். ஒரு அறைக்குச் சுவர் நாலு, டைல்ஸ் கோடு நாற்பது. எல்லோருக்கும் ஒரே ஓட்டு என்றால் யார் ஜெயிப்பார்கள்?

? ஆட்டோகேட் நல்லதா, ரெவிட் நல்லதா?
– வாசகர், சேலம்

கரண்ட் இருந்தால் இரண்டும் நல்லது.

? 0.7 கொடுத்தும் திரையில் கோடு ஒல்லியாகவே இருக்கிறது. கம்ப்யூட்டரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோவை

விற்கிறவரைக் கேட்டால் ஆமாம் என்பார். என்னைக் கேட்டால், திரைக்குக் கீழே இருக்கும் பட்டையில் லைன்வெயிட் பொத்தான் அணைந்து கிடக்கும், அதைத் தட்டுங்கள். தட்டிய பிறகும் நம்பாதீர்கள். வரைகிற இடமான மாடல் ஸ்பேஸில் கனத்தைத் திரைப்புள்ளிக் கணக்கில்தான் காட்டும். எத்தனை கிட்டே போனாலும் கோடு தடிக்காது. கோடு வாழ்வது காகிதத்தில். ஒரு ஏ3 பிரிண்ட் எடுத்து, மொட்டை மாடிக்குப் போய், நண்பகல் வெயிலில் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மேஸ்திரி அப்படித்தான் பார்ப்பார். சைட்டில் கறுப்புத் திரையும் இல்லை, ஜூமும் இல்லை.

? எங்கள் ஆபீஸில் சிவப்பு லேயரில் போட்டால் பிரிண்ட் மெலிசாக வருகிறது, பச்சையில் போட்டால் தடியாக வருகிறது. நிறத்துக்கும் கனத்துக்கும் என்ன சொந்தம்?
– டிராஃப்ட்ஸ்மேன், மதுரை

அப்படிக் கேளுங்கள்! காபி ஆறினாலும் பரவாயில்லை, இதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

கையால் வரைந்த காலத்தில் ஒரு கனத்துக்கு ஒரு பேனா. ராட்ரிங் பேனாவை டிரேசிங் ஷீட்டில் வைக்கும் முன் காதருகே ஆட்டிப் பார்ப்போம். உள்ளே கம்பி 'டிக் டிக்' என்றால் பேனா உயிரோடு இருக்கிறது. சத்தம் வராவிட்டால் மை உறைந்துவிட்டது, அன்றைய காலை கழுவுவதில் போகும். மெல்லிய முனையுள்ள பேனாதான் எப்போதும் மக்கர் செய்யும். ஆபீஸ் பையன் அதைக் கீழே போட்டுவிட்டால் அன்று யாரும் யாரோடும் பேசமாட்டோம்.

பிறகு மெஷின் வந்தது, ஆனால் பேனா போகவில்லை. பென் பிளாட்டர் என்று ஒன்று. எச்பி 7475 என்ற மாடலில் ஆறு பேனாக்கள் ஒரு வட்டத்தில் செருகியிருக்கும். மெஷின் ஒன்றைக் கவ்வி எடுத்து வரையும், திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். நடுவில் ஒரு பேனாவுக்கு மை தீர்ந்தால் அதுபாட்டுக்கு வெறும் முனையால் சுவர் கட்டிக்கொண்டிருக்கும். 1982-ல் பிறந்த ஆட்டோகேடுக்கு அந்த நாளில் கோட்டின் கனம் என்றே ஒன்று தெரியாது. நிறம்தான் தெரியும். முதல் நிறம் சிவப்பு, இரண்டாவது மஞ்சள், மூன்றாவது பச்சை. சிவப்புக்கு இந்தப் பேனா, பச்சைக்கு அந்தப் பேனா என்று நாம் சொல்லிவைத்தோம். நிறம் என்பது பேனாவின் புனைபெயர், அவ்வளவுதான்.

1999-ல் ஆட்டோகேட் 2000 வந்தபோதுதான் கோட்டுக்குச் சொந்தமாகக் கனம் கிடைத்தது. அதற்குள் நிறத்தைப் பார்த்தே கனம் சொல்லும் ஒரு தலைமுறை தயாராகிவிட்டது. பிளாட்டர் காயலான் கடைக்குப் போனது, பழக்கம் சிடிபி ஃபைல் என்ற பெயரில் வீட்டோடு தங்கிவிட்டது. எந்த நிறத்துக்கு எந்தக் கனம் என்ற பட்டியல் அது. ஆபீஸுக்கு ஆபீஸ் மாறும், சாம்பார் பொடி மாதிரி. அதனால் பெண்ணோடு சீர் அனுப்புவதுபோல், டிராயிங்கோடு சிடிபியையும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் சுவர் அங்கே டைல்ஸ் ஆகும், டைல்ஸ் சுவர் ஆகும். இன்னொன்று: பிளாட் போடும்போது மோனோக்ரோம் சிடிபியைத் தேர்ந்தெடுக்க மறந்தால் நிறங்கள் நிறமாகவே போகும். கறுப்பு வெள்ளை பிரிண்டரில் மஞ்சள் கோடு, விபூதி அழிந்த நெற்றி மாதிரி வரும். சுவரை மஞ்சள் லேயரில் வைத்திருந்தால் உங்கள் வீட்டில் கதவு மட்டும் நிற்கும்.

? எங்கள் இன்ஜினியர் 3டி படம் போட்டுக் காட்டினார். பிரமாதமாக இருக்கிறது. இந்தக் கோட்டுப் படமெல்லாம் இன்னும் எதற்கு?
– வாசகர், திருப்பூர்

அந்தப் படத்தில் வாசலில் ஒரு வெளிநாட்டுக் கார் நிற்கும், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கைப்பையோடு நடந்து போவார். வீடு கட்டி முடிந்ததும் அவர்கள் வராவிட்டால் யாரைக் கேட்பீர்கள்?

? வடகிழக்குச் சுவருக்கு மட்டும் மெல்லிய கோடு போட்டால் வாஸ்து தோஷம் குறையுமா?
– வாசகர், (ஊர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்)

குறையும். மையும் குறையும்.

? மினி டிராஃப்டரை முதுகில் செருகிக்கொண்டு பஸ்ஸில் காலேஜுக்குப் போன நாள்கள் நினைவிருக்கிறதா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், காரைக்குடி

எனக்கு மறந்தாலும் என் பின்னால் நின்ற கண்டக்டருக்கு மறக்காது.

? 0.18, 0.25, 0.35, 0.5, 0.7... அழகாக 0.1, 0.2, 0.3 என்று வைத்தால் என்ன? எந்தப் புண்ணியவான் வேலை?
– வாசகர், நாகர்கோவில்

புண்ணியவான்தான், சந்தேகமே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை ஏ3 ஆக்கச் சொன்னால் மெஷினில் 141 என்று ஒரு எண் எரியும், பார்த்திருப்பீர்கள். ஏ வரிசைத் தாளின் நீளம் அகலத்தைப்போல 1.41 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். 1922-ல் ஜெர்மன்காரர்கள் தரப்படுத்திய கணக்கு. இரண்டாக மடித்தாலும் அதே வடிவம் வரும்.

இப்போது உங்கள் பேனாக்களைப் பாருங்கள். 0.25-ஐ 1.41-ஆல் பெருக்கினால் 0.35. அதைப் பெருக்கினால் 0.5. அடுத்தது 0.7. ஏ4-ல் 0.35 பேனாவால் வரைந்ததை ஏ3 ஆக்கினால் கோடு 0.5 ஆகத் தடிக்கும். அந்தப் பெரிய தாளில் ஒரு கோட்டைத் திருத்த வேண்டுமா? டப்பாவில் 0.5 பேனா தயாராக இருக்கிறது, ஒட்டுப்போட்டது தெரியாது. தாளுக்கும் பேனாவுக்கும் ஜாதகம் பார்த்துச் செய்த கல்யாணம் இது. ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, இந்த ஒன்றைத் தவிர.

? 1:200-ல் பிரிண்ட் எடுத்தால் நாலரை இன்ச் சுவர் கறுப்பாக அடைத்துக்கொள்கிறது. பிரிண்டர் கோளாறா?
– வாசகர், வேலூர்

கணக்குக் கோளாறு. 115 மில்லிமீட்டர் சுவர் 1:200-ல் 0.575 மில்லிமீட்டர்தான். இரண்டு பக்கமும் 0.5 கோடு போட்டால், ஆளுக்குப் பாதி உள்ளே வந்து உட்காரும். நடுவில் மிச்சம் 0.075. அதில் எறும்புகூடப் போகாது. அதே சுவருக்கு 1:100-ல் 0.65 இடைவெளி கிடைக்கிறது, மூச்சு விடலாம். படத்தின் ஸ்கேல் மாறினால் கனத்தையும் மாற்றுங்கள். 1:200-க்கு 0.25 போதும். அல்லது நீங்களே முந்திக்கொண்டு சுவர் முழுவதையும் கறுப்பாக அடைத்துவிடுங்கள். வேண்டுமென்றே செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

? லட்சுமணன் சீதைக்காகப் போட்ட கோடு என்ன கனம் இருக்கும்?
– வாசகி, கும்பகோணம்

அந்தக் கோடு வால்மீகியிடமும் இல்லை, கம்பரிடமும் இல்லை. பின்னால் யாரோ ரிவிஷனில் சேர்த்தது. ரிவிஷன் என்றால் சுற்றி ஒரு மேகம் வரைந்து தேதி போட வேண்டும். அதையும் செய்யவில்லை.

? உங்கள் வரைபடத்தால் நடந்த பெரிய கூத்து எது?
– வாசகர், திண்டுக்கல்

ஒன்று சொல்கிறேன், மற்றவற்றுக்கு இன்னும் பில் பாஸாகவில்லை. சமையலறையில் தலைக்கு மேலே இரண்டடி அகலத்தில் லாஃப்ட். வெட்டுக்கு மேலே இருப்பதால் விட்டு விட்டுப் போடும் மெல்லிய கோடாகக் காட்ட வேண்டும். நான் அப்படித்தான் போட்டேன். ஆனால் லைன்டைப் ஸ்கேல் தப்பு. இடைவெளியெல்லாம் ஒட்டிக்கொண்டு பிரிண்டில் முழுக்கோடாக வந்தது. லேயரும் சுவருடைய லேயர், ஆகவே கனமும் சுவரின் கனம். மூன்றாம் நாள் சைட்டுக்குப் போனால் சமையல் மேடைக்கு முன்னால், அறையின் குறுக்கே, இடுப்பளவு சுவர் எழும்பி நிற்கிறது. கொத்தனாரைப் பார்த்தேன். அவர் பிரிண்டை விரித்துக் காட்டி, "நீங்கதான சார் போட்டிருக்கீங்க? கரி மாதிரி இருக்கு பாருங்க" என்றார். அன்றைக்கு அவருக்கு டீ வாங்கிக்கொடுத்தது நான்.

? ஒரு கோடு கொஞ்சம் தடித்துப்போனால் குடியா முழுகிவிடும்?
– வாசகர், புதுச்சேரி

முழுகியிருக்கிறது. விளையாட்டாகக் கேட்டீர்கள், ஆனால் இதற்கு என்னால் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை.

1948 நவம்பர் 30. ஜெருசலேமில் போர்நிறுத்தக் கோடு வரைய இஸ்ரேல் தரப்பில் மோஷே தயானும் ஜோர்டான் தரப்பில் அப்துல்லா அல்-தல்லும் உட்கார்ந்தார்கள். 1:20,000 வரைபடத்தின் மேல் ஆளுக்கொரு மெழுகுப் பென்சிலால் தங்கள் படை நிற்கும் இடத்தைக் கோடாக இழுத்தார்கள். மழுங்கிய முனை. கோடு 3, 4 மில்லிமீட்டர் அகலம். இருபதாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள்: தரையில் 60 முதல் 80 மீட்டர். அந்த அகலத்துக்குள் தெருக்கள் இருந்தன, வீடுகள் இருந்தன. கோட்டின் எந்த ஓரம் எல்லை, நடுவில் இருப்பது யாருடையது என்ற தகராறு 1967 வரை ஓடியது.

நம் 0.13 பேனாவால் போட்டிருந்தாலும் அந்த வரைபடத்தில் கோடு தரையில் 2.6 மீட்டர் வரும். பக்கத்து மனைக்காரரோடு உங்களுக்கு எல்லைச் சண்டை இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1:1000 படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு அரை மீட்டர் நிலம். படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். அதில் எழுதியிருக்கும் அளவைப் படித்து, நிலத்தில் டேப் பிடியுங்கள்.

? உங்களுக்குப் பிடித்த கோடு எது?
– வாசகி, பாளையங்கோட்டை

வீட்டை நெட்டுக்குத்தாக வெட்டிக் காட்டும் செக்ஷனில் தரைக்கோடு. தாளிலேயே கனமானது அதுதான், 0.7 அல்லது 1.0. அதைப் போடும்வரை கட்டடம் பலூன் மாதிரி தாளில் மிதந்துகொண்டிருக்கும். போட்டவுடன் இறங்கி உட்கார்ந்துவிடும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு அதைக் கடைசியாகத்தான் போடுவேன்.

அடுத்த இதழுக்குக் கேள்விகள் எழுதுகிறவர்கள் தயவுசெய்து 0.5-க்குக் குறையாத பேனாவில் எழுதுங்கள். போன மாதம்தான் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண் பாக்கி.