புருஷன் சுடர்மணி, பொண்டாட்டி வளர்மணி

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எங்கள் வேங்கிக்காலில் இருக்கிறது. அதில் எங்களுக்கு ஒரு சௌகரியம். நாட்டுப்புறக் கலைக்குத் தமிழ்நாட்டில் என்ன மரியாதை என்று தெரிந்துகொள்ள நாங்கள் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஓட்டுப்போடச் சொல்லப் பறை வேண்டும். டெங்கு கொசுவை ஒழிக்கக் கரகம் வேண்டும். அமைச்சர் காரிலிருந்து காலைக் கீழே வைக்கும்போது பம்பையும் உடுக்கையும் ஒலித்தே தீரவேண்டும். வேலை முடிந்தால் ஒரு பொட்டலம் லெமன் சாதம். அடித்தவர் அடுத்து இந்த வளாகத்துக்குள் வருவது திங்கட்கிழமை, கையில் மனுவோடு. அன்றைக்கு அவரை வரவேற்க யாரும் மேளம் அடிப்பதில்லை.

இந்த லட்சணத்தில் விருதுக்கு மட்டும் நம்மிடம் பஞ்சமே கிடையாது.

மாவட்டந்தோறும் மாவட்டக் கலை மன்றம் இருக்கிறது; தலைவர் ஆட்சியர். அது கலைஞர்களுக்கு மணி மணியாக விருது கொடுக்கிறது. 18 வயதுக்குள் இருந்தால் கலை இளமணி, 4,000 ரூபாய். 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 6,000. 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 10,000. 51 முதல் 65 வரை கலை நன்மணி, 15,000. அதையும் தாண்டி மூச்சு இருந்தால் கலை முதுமணி, 20,000. கலைக்கு வயதில்லை என்று மேடையில் பேசுவார்கள் அல்லவா, அந்தப் பேச்சு அரசாணைக்குப் பொருந்தாது.

இப்போது நம் பக்கத்தில் ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்குப் பாட வரும் ஒரு ஜோடியை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். புருஷன் பொண்டாட்டி. அவருக்கு 37, அந்தம்மாவுக்கு 34. பாட்டை எடுத்துக் கொடுப்பது அந்தம்மா. இவர் உறுமியைத் தேய்த்துக்கொண்டு பின்பாட்டுப் பாடுகிறார். இரண்டு பேருக்கும் விருது கொடுக்க மாவட்டம் மனது வைத்துவிட்டது என்றே கொள்வோம். அதே பாட்டு, அதே மேடை, அதே மைக். அவருக்குச் சுடர்மணி, 10,000. அந்தம்மாவுக்கு வளர்மணி, 6,000. மூன்று வருஷம் தள்ளிப் பிறந்த குற்றத்துக்கு 4,000 ரூபாய் பிடித்தம். பெண்ணை நாலைந்து வயது குறைச்சலாகப் பார்த்துக் கட்டிவைக்கும் வழக்கம் இந்த நாட்டில் உள்ளவரை, பாடும் ஜோடி இரண்டு வரம்புகளில் விழுந்தால் அடி வாங்கப்போவது மனைவிதான். எந்த அதிகாரியும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடு என்று எழுதவில்லை. எழுதாமலேயே காரியம் நடக்கும்படி ஒரு அட்டவணை போட்டிருக்கிறார்கள். அதுதான் நிர்வாகத் திறமை.

அந்தப் பாட்டை இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆயா ஒருத்தி இருப்பாள். நடவு வயலில் பாடியவள். முதுமணி அவளுக்குத்தான் சேரவேண்டும். ஆனால் அவள் கலைஞர் என்பதற்குச் சான்று வேண்டும், நிகழ்ச்சி நடத்திய போட்டோ வேண்டும், செய்தித்தாள் நறுக்கு வேண்டும். நாற்று நட்ட கையில் நறுக்கு ஏது?

சரி, மாவட்டம்தான் இப்படி, டெல்லி எப்படி? டெல்லிக்குக் கணக்கு நன்றாக வரும். 2020 பத்ம விருதுப் பட்டியலில் ஸ்ரீரங்கத்து நாதசுரத் தம்பதி காலிஷாபி மகபூப், ஷேக் மகபூப் சுபானி இருவருக்கும் சேர்த்து பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இரண்டு பெயரும் பட்டியலில் இருந்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. அந்த ஆண்டின் மொத்த விருதுகள் 141. அதில் நான்கு ஜோடிகள். ஜோடிக்குக் கொடுத்தால் ஒரு விருதாகவே எண்ணப்படும் என்று அறிவிப்பிலேயே அடைப்புக்குறி போட்டுச் சொல்லியிருந்தார்கள். கார்த்திகை தீபத்தன்று சில நிமிடம் வெளியே வந்து ஆடிவிட்டுப் போகும் எங்கள் அர்த்தநாரீஸ்வரருக்கு இந்தக் கணக்கு சரிப்படும். ரேஷன் கடையில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று வாங்கிச் சாப்பிடும் ஜீவன்களுக்குச் சரிப்படாது. ஒவ்வொரு நாதசுரத்திலும் தனித்தனி மூச்சுதான் போகிறது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2018-இல், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுரைப் பக்கத்து நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்துக் கணவரோடு மேடை மேடையாகப் பாடியவர். தமிழர் அந்தப் பெயரைக் கேட்டாலே இரண்டு குரல் கேட்கும். விருது அவர் ஒருவருக்கு. நவநீதகிருஷ்ணன் தன் மனைவியின் பெயருக்குப் பின்பாதியாக ஒட்டிக்கொண்டு ராஷ்டிரபதி பவனுக்குள் போனார். வழக்கமாக இந்த நாட்டில் மனைவிதான் அப்படி ஒட்டிக்கொண்டு போவாள் என்பதால் இதைக் கொஞ்சம் ரசிக்கவும் செய்யலாம்.

மக்களுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. புஷ்பவனம் குப்புசாமி என்று தொடங்கினால் அனிதா என்று முடிக்காமல் யாரும் நிறுத்தமாட்டார்கள். பேப்பரும் பேனாவும் எடுத்தவர்களுக்குத்தான் குழப்பம். அமெரிக்காவிலும் விருதுக் கூத்து உண்டு. அங்கே 2025 கிராமியில் சிறந்த நாட்டார் ஆல்பத்துக்கான விருது கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் ஜோடிக்குப் போனது. யாருக்கு எத்தனை வயது என்று கேட்டு ஆளுக்கொரு விலை போடவில்லை.

இனி தொலைக்காட்சிக்கு வருவோம். செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் கோயில் திருவிழா மேடைகளில் பல ஆண்டு பாடித் தேய்ந்தவர்கள். 2018-இல் சூப்பர் சிங்கர் நிகழ்ச்சிக்குப் போனார்கள். அங்கே இரண்டு பேரும் தனித்தனிப் போட்டியாளர். வீட்டில் ஒரே அடுப்பு, மேடையில் எதிரும் புதிரும். செந்தில் கணேஷ் பட்டம் வென்றார், வீடு பரிசு என்றார்கள், தமிழ்நாடே கைதட்டியது. அதற்குப் பிறகு 'சார்லி சாப்ளின் 2' படத்தில் 'சின்ன மச்சான்', அப்புறம் 'புஷ்பா' தமிழில் ராஜலட்சுமியின் 'சாமி சாமி'. அவர்கள் உழைத்தார்கள், வென்றார்கள், வாழட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. கிராமத்து மேடையில் பாடியவரை சினிமாவில் பாடுகிறவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மதிப்பெண் போட்டால்தான் அவர் கலைஞர். அவரும் சினிமாவில் பாடிவிட்டால்தான் பெரிய கலைஞர். ஊரில் இருபது வருஷம் பாடியது முன் அனுபவம்கூட இல்லை, அது 'அவர் பட்ட கஷ்டம்' என்று பின்னணியில் வயலின் இழுப்பதற்கான கச்சாப்பொருள்.

மாநகரத்துக்கு இதே சரக்கு வேறு தட்டில் போகும். உறுமியோடு பேஸ் கிடாரைக் கோத்துச் சென்னை அரங்கில் வாசித்தால் அது ஃபோக் ராக், டிக்கெட் உண்டு, பேட்டி உண்டு. அதே உறுமியோடு அதே கிடாரை வேங்கிக்கால் ஏரிக்கரைப் பக்கம் வாசித்தால் பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிப் போலீஸ் உண்டு. அந்த மாநகரத் தட்டிலும் யார் முகம் தெரியவேண்டும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் பாடகி தீ இருந்தார், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். 'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய அறிவு இல்லை. ஊர் கூச்சல் போட்ட பிறகு அறிவுக்கென்று இன்னொரு அட்டை வந்தது. பந்தி முடிந்தபின் தனி இலை.

மாநில அரசின் கலைமாமணிக்கு வருவோம். அதைப் பேசாமல் விட்டால் தமிழ்த்தாய் கோபித்துக்கொள்வாள். 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுக்கான விருதுகளை மொத்தமாகக் கட்டி 2019-இல் 201 பேருக்குக் கொடுத்தார்கள். 2021, 2022, 2023 மூன்றாண்டுக்கும் சேர்த்து 90 பேருக்கு 2025 அக்டோபரில் கொடுத்தார்கள். ஆட்சி மாறினாலும் பழக்கம் மாறவில்லை. எங்கள் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டெனப் புரியும்: அகவிலைப்படி அரியர்ஸ் வருகிற மாதிரி வருகிறது. ஒரு வித்தியாசம், ஊழியர்கள் அரியர்ஸுக்குப் போராட்டம் நடத்துவார்கள். கூத்துக் கலைஞன் நடத்தினால் அதற்கும் அவனையே மேளம் அடிக்கச் சொல்வார்கள்.

தாமதமாவது போகட்டும், யாருக்கு? 2021 பிப்ரவரி விழாவில் சிவகார்த்திகேயன், யோகி பாபு, ஐஸ்வர்யா ராஜேஷ். 2025-இல் சாய் பல்லவி, எஸ்.ஜே. சூர்யா, அனிருத். பாவம், அனிருத் இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறார்; அரசாங்கம் கண்டுபிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கிராமியக் கலைஞர்களும் பட்டியலில் உண்டு, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மறுநாள் தலைப்பில் நடிகையின் படம், உள்ளே 'மற்றும் பலர்'. அந்தப் பலரில் ஒருவர்தான் நாற்பது வருஷம் விடிய விடிய ஆடியவர். 2021-இல் கொடுத்த விருதுகளை எதிர்த்து மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு வழக்கே போனது. ஒன்றிரண்டு படத்தில் நடித்தவர்களுக்கெல்லாம் கலைமாமணியா என்று நீதிபதிகளே நொந்துகொண்டார்கள்.

பேர் கிடைத்தவர்கள் மட்டும் வாழ்ந்தார்களா? பரவை முனியம்மாவை எல்லாருக்கும் தெரியும், 'தூள்' படத்துக்குப் பிறகு. நோயும் வறுமையுமாய் அவர் கிடந்தது செய்தியான பிறகுதான் 2015-இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாய் வைப்புநிதி அறிவித்தார். 2020 மார்ச்சில் முனியம்மா போய்ச் சேர்ந்தார். சினிமாவில் பாடிய, ஊருக்கே முகம் தெரிந்த கிழவிக்கே இந்தப் பாடு. முகம் தெரியாதவர்களுக்கு நலிந்த கலைஞர் உதவித்தொகை மாதம் 3,000 ரூபாய், அதுவும் மனு போட்டு, நலிந்திருக்கிறோம் என்று நிரூபித்து. கலைஞரை நலியவிட்டு, நலிந்ததற்குச் சான்றிதழ் கேட்கும் தேசம்.

அரசாங்கம் கைவிட்ட இடத்தில் தனியார் புகுந்தார்கள். 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கில் ஒரு விழா. வடிவேலு, இசையமைப்பாளர் தேவா என்று பலர் பெயருக்குக் கௌரவ டாக்டர் பட்டம். பிற்பாடு பார்த்தால் பல்கலைக்கழகத்துக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை, வாடகைக்கு எடுத்த மேடை. போலீஸ் வழக்கு, கைது. நடத்திய அமைப்பின் பெயரில் ஊழல் தடுப்பும் இருந்தது, மனித உரிமையும் இருந்தது. தேவாவையே ஏமாற்ற முடிகிறவர்களுக்கு, போளூர் பக்கத்தில் பாடுகிற ஜோடி எம்மாத்திரம்? அவர்களுக்கு போன் இப்படி வரும்: "அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் நாட்டுப்புறச் செம்மல் விருது அறிவிச்சிருக்கோம். பதிவுக் கட்டணம், சாப்பாடு, போட்டோவுக்குன்னு சின்னதா ஒரு தொகை." கல்யாண மண்டபத்தில் விழா. வரிசையில் நின்று, கேடயம் வாங்கி, பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்குச் சிரித்து இறங்க அரை நிமிடம். அதற்கு முன் அரை மணி நேரம் அவர்களையே இலவசமாகப் பாட வைத்திருப்பார்கள். ஃப்ளெக்ஸில் அமைப்பாளர் முகம் ஆள் உயரம். ஜோடியின் முகம் தபால் தலை அளவு. அந்தக் கேடயம் வீட்டில் டிவி மேல் இருக்கும், வட்டிக்கு வாங்கிக் கட்டிய கட்டணம் அதற்கு அடியில் இருக்கும்.

இதே மாவட்டத்தில், செய்யாறு பக்கம் புரிசை என்று ஒரு ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடுகிறது ஒரு குடும்பம். 2025-இல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு பத்மஸ்ரீ. அதே ஆண்டு மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும். இந்த இரண்டையும் கேட்டு நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் நம் ஆட்கள் பாராட்டு விழா எடுக்கிற அழகை நினைத்துப் பார்த்தேன். விடிய விடிய ஆடுகிற கூத்துக்காரரை மேடையில் உட்காரவைத்து, பன்னிரண்டு பேர் பேசி, கடைசியில் அவரைப் பார்த்து "ஐயா, ரெண்டு நிமிஷம் ஏதாவது பாடிக் காட்டுங்க" என்பார்கள். அவரும் பாடுவார். அப்போதும் ஒரு பிரமுகர் பக்கத்தில் இருப்பவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார்.

கலை பண்பாட்டுத் துறைக்கு: கலைமாமணியை அந்தந்த ஆண்டிலேயே கொடுங்கள், ஏன் இன்னாருக்கு என்று காரணத்தை வெளியிடுங்கள், சினிமாக்காரர்களுக்கு வேறு விருது வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட விருதில் வயதுக்கொரு விலை போடுவதை நிறுத்துங்கள். சேர்ந்து பாடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு முழு விருது. ஆடியில் கூழ் வார்க்கும் விழாக் குழுக்களுக்கு: கேடயம் வாங்க வைத்திருக்கும் காசைக் கூலியோடு சேருங்கள். வெற்றிலை பாக்கு வைத்துப் பேசிய தொகையைப் பாட்டு முடிந்த அன்றைக்கே, கணவர் கையில் மட்டும் திணிக்காமல், இரண்டு பேரிடமும் பாதிப் பாதியாக எண்ணிக் கொடுங்கள்.